அடைப்பதும் காப்பதும்

கோழிக்கூட்டுக்கு எத்தகைய கம்பி வலையை வாங்குவது என்ற வினாவை இத்தகைய பக்கங்களில் எழுப்புவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அறம் பற்றிய ஆராய்ச்சி என்றதும் பெரிய பொருள்களையே எதிர்பார்க்க நாம் பழகிவிட்டோம். ஆயினும், மனிதன் தன் கையால் ஒரு வேலியை இட்டு, அதனுள் ஓர் உயிரை வைத்துக் கதவைச் சாத்தும்போது, அவன் செய்வது தச்சு வேலை மட்டுமன்று. எவரை உள்ளே வைப்பது, எதனை வெளியே நிறுத்துவது, அதற்கு எவ்வளவு செலவிடுவது, அச்செலவை யார் ஏற்பது என்ற தீர்மானங்கள் யாவும் அந்த வலையின் கண்ணளவில் அடங்கிக் கிடக்கின்றன. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிராமங்களில் ஐந்தாறு கோழிகளை நம்பிக் குடும்பத்தின் சில்லறைச் செலவைச் சமாளிக்கும் பெண்களை மனத்திற்கொண்டு, இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

கடைகளில் ‘கோழி வலை’ என்று விற்கப்படுவது அறுகோணக் கண்களையுடைய மெல்லிய கம்பி வலையாகும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் நோரிச் நகரில் இரும்பு வாணிபம் செய்த சார்ள்ஸ் பார்னாட் என்பவர் 1844ஆம் ஆண்டில் இதனை இயந்திரத்தாற் பின்னும் முறையைக் கண்டார். துணி நெய்யும் இயந்திரங்களே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தன. நூல் ஓடிய வழியில் கம்பி ஓடியது. துணிக்குப் பதிலாக வேலி பிறந்தது. மலிவான விலையில், சுருள் சுருளாக, உலகெங்கும் அது பரவியது. இன்று நம் ஊர்களிற் சாதாரணமாகக் கிடைக்கும் கோழி வலையின் கண் ஏறத்தாழ ஓர் அங்குலம்; அரை அங்குலக் கண்ணும் உண்டு.

இந்த ஓர் அங்குலம் எதனை அளந்து குறிக்கப்பட்டது? கோழியின் உடலை அளந்தே. கோழி அதன் வழியே வெளியேற முடியாது. அயலாரின் தோட்டத்தைக் கிளற முடியாது. வளர்ப்பவனின் தேவை அதனால் நிறைவேறுகின்றது. ஆனால் பாம்பின் உடலை எவரும் அளந்து பார்க்கவில்லை. பாம்பின் உடல் நெகிழ்ச்சியுடையது. தலையின் எலும்பு நுழையும் துவாரத்தில் ஏனைய உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த நாகக் குட்டியும், பென்சிற் பருமனேயுள்ள கட்டுவிரியன் குட்டியும், வறண்ட கடலோர மணற்பாங்கான நிலங்களில் வாழும் சிறிய சுருட்டை விரியனும் ஓரங்குலக் கண்ணை ஒரு தடையாகவே கொள்வதில்லை. அரை அங்குலம் பெரிய பாம்பைத் தடுக்கும். குட்டியை உறுதியாகத் தடுக்குமென்று கூறுவதற்கில்லை. கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் கண்ணுள்ள, பற்றவைத்த சதுர வலையே ஓரளவு நம்பத்தக்கது.

இடைப்பட்ட அளவில் ஒரு கொடுமையும் உண்டு. வெறும் வயிற்றோடு நுழைந்த பாம்பு, குஞ்சையோ முட்டையையோ விழுங்கியபின், வந்த வழியே திரும்ப முடியாமற் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். காலையில் முட்டை எடுக்கக் கையை நுழைப்பவள் அதனைச் சந்திக்கிறாள். காவலென்று நம்பியிருந்த வலையே ஆபத்தை உள்ளே பூட்டி வைக்கும் நிலை இது. ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்ற பழமொழியை நாம் அதிகாரிகளுக்கும் அரசர்களுக்குமே பொருத்திப் பேசுவது வழக்கம். அதன் நேர்ப்பொருளை இங்கே காண்கின்றோம்.

இவ்விடத்திலேதான் நமது வினா எழுகின்றது. அடைப்பதும் காப்பதும் ஒன்றா? வெளியே திரியும் கோழிக்குப் பாதுகாப்பு இல்லையென்பது உண்மை. ஆயினும் அதற்குக் கால் உண்டு, சிறகு உண்டு, ஏறியமர ஒரு முருங்கைக் கிளை உண்டு. குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கிக் கொண்டு சீறி எதிர்த்து நிற்கவும் அதற்குத் தெரியும். அதனைப் பிடித்துக் கூட்டிலிட்டுக் கொக்கியை மாட்டும்போது, அதற்கிருந்த தப்பும் வழிகள் அனைத்தையும் நாம் எடுத்துக் கொள்கின்றோம். மேலும், இருளிற் கோழியின் பார்வை மிகவும் மங்கிவிடும். மாலைக்கண் உடையவர்போல அது கிளையிலோ பரணிலோ அசையாமலிருக்கும். அந்நேரத்திலேதான் பல பாம்புகள் இரைதேடிப் புறப்படுகின்றன. ஆகவே, ஓர் உயிரின் தப்பும் ஆற்றலை எவன் பறிக்கின்றானோ, அவ்வாற்றல் செய்திருக்கக்கூடிய பணியை அவனே ஏற்க வேண்டும். கதவைச் சாத்துபவன்மீது காக்கும் கடமை அந்தக் கணத்திலேயே ஏறிவிடுகின்றது. இது கருணையின் பாற்பட்ட விடயமன்று. எடுத்ததற்கு ஈடு செய்யும் நியாயத்தின் பாற்பட்டது.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படலாம். “நாளை நாமே அறுத்து உண்ணப்போகும் கோழிதானே, பாம்பு தின்றாலென்ன, நாம் தின்றாலென்ன?” என்பது ஒன்று. பயனைக் கருதினால் இதற்கு விடை எளிது: பாம்பு கொண்டுபோவது ஓர் ஏழைப் பெண்ணின் முட்டைக் காசை, பிள்ளையின் கொப்பிக் காசை. ஆனால் பயனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இம்மறுப்பு நிற்காது. ஓர் உயிரின் முடிவு நம் கையில் இருக்கின்றது என்பதனால், அதன் வாழ்நாளை அச்சத்திற்கு விட்டுவிடும் உரிமை நமக்குக் கிடைத்துவிடாது. நம் கையில் இருப்பது பொறுப்பைக் கூட்டுகின்றதேயன்றிக் குறைக்கவில்லை.

“கூடே வேண்டாம்; இயற்கையாகத் திரியட்டும்” என்பது மற்றது. பகலுக்கு இது நல்ல யோசனையே. இரவில் கீரி, காட்டுப்பூனை, நாய், பாம்பு ஆகிய எல்லாவற்றின் முன்னும் கோழியை நிறுத்திவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுவது, கைகழுவிவிடுவதற்கு ஓர் அழகிய சொல்லைத் தேடுவதாகும். வலியவரும் மெலியவரும் ஒரே வெளியில் விடப்படுவதைச் சுதந்திரம் என்று போற்றும் பொருளாதார வாதங்களை நாம் முன்னரும் கேட்டிருக்கின்றோம்.

இனிப் பாம்பின் பக்கத்தையும் நோக்க வேண்டும். பாம்பு தீமையின் வடிவமன்று; பசியுள்ள ஒரு பிராணி. பல வேளைகளில் அது கோழியைத் தேடி வருவதேயில்லை. சிந்திய நெல்லையும் தவிட்டையும் தேடி எலி வருகின்றது. எலியைத் தேடிச் சாரை வருகின்றது, நாகம் வருகின்றது. பாம்பு தானாக மண்ணைத் தோண்டி வழி செய்வதில்லை. எலி தோண்டிய வளையே அதன் வழியாகின்றது. எனவே தீனியை மூடிய பாத்திரத்தில் வைப்பதும், சிந்தியதை மாலையிற் கூட்டியெடுப்பதும், கூட்டைச் சுற்றியுள்ள பற்றையையும் விறகுக் குவியலையும் அகற்றுவதும், வலையின் அடியை ஒரடி ஆழத்துக்குப் புதைத்து வெளிப்புறமாக மடித்து விடுவதும் வலையின் கண்ணளவுக்கு ஒப்பான முக்கியத்துவமுடையன. சாரை நன்றாக ஏறுமாதலால் மேற்புறமும் மூடப்பட வேண்டும். கதவின் கீழே விரல் நுழையும் இடைவெளி இருப்பின், சுற்றிலும் செய்த செலவு முழுவதும் வீணாகும்.

‘பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது’ என்பது நம்மிடையே வழங்கும் ஒரு பழமொழி. இழப்பின்றிக் கொல்லும் சாமர்த்தியத்தை அது பாராட்டுகின்றது. ஆனால் பாம்பு சாகாமலும் தடியை எடுக்காமலும் இருக்கும் மூன்றாம் வழியை அப்பழமொழி எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல கம்பி வலை அந்த மூன்றாம் வழியாகும். பாம்பு வருகின்றது, முகர்கின்றது, வழியில்லையென அறிகின்றது, திரும்பிச் செல்கின்றது. மறுநாள் வயலில் எலியைப் பிடிக்கின்றது.

இதற்கு நேர்மாறானது பழைய மீன்பிடி வலை. கடலோரக் கிராமங்களிற் கிழிந்த நைலோன் வலைக்கும் தங்கூசி வலைக்கும் குறைவில்லை. காசின்றிக் கிடைப்பதால் அவை வேலியாகவும் கூடாகவும் மாறுகின்றன. அதன் கண்ணில் தலையை நுழைத்த பாம்பு முன்னும் செல்ல முடியாது. செதில்கள் நூலிற் சிக்குவதால் பின்னும் வர முடியாது. வெயிலில் மணிக்கணக்காகத் துடித்து மடிகின்றது. அங்கே சிக்குவது பெரும்பாலும் விஷமற்ற சாரையாகவே இருக்கலாம். அதனை அகற்றச் சென்றவரை, சிக்கியது விஷப்பாம்பாயின், அது கடிக்கவும் கூடும். சாரையைக் கொன்ற வளவில் எலி பெருகுகின்றது; எலி பெருகிய வளவுக்கு வேறு பாம்பு வருகின்றது.

பாம்பைக் கொல்லாமலே அதனோடு வாழும் அறிவு ஏட்டறிவன்று, உழைப்பாளரின் அறிவு. தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978ஆம் ஆண்டில் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். ஒரு காலத்திற் தோல் வாணிபத்துக்காகப் பாம்பு பிடித்த அம்மக்கள், இன்று பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அவ்விஷம் இந்தியாவில் விஷமுறி மருந்து தயாரிக்கப் பயன்படுகின்றது. இலங்கை ஆஸ்பத்திரிகளிலும் இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்தே ஏற்றப்பட்டு வந்துள்ளது. கடியுண்டு கிடக்கும் விவசாயியின் உயிர், முன்பின் அறியாத ஓர் இருளர் தொழிலாளியின் கைத்திறனோடு பிணைந்திருக்கின்றது.

இவ்வளவும் சரியே, ஆனால் நல்ல வலையை யார் வாங்குவது? கணக்கைப் பாருங்கள். சதுரக் கண் வலையில் ஓரங்குலக் கண்ணாயின், ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 24 அடி கம்பி வேண்டும். அரை அங்குலமாயின் 48 அடி. கால் அங்குலமாயின் 96 அடி. கண் சிறுக்கச் சிறுக்க விலை ஏறுகின்றது. விலையைக் குறைக்கக் கம்பியை மெலியதாக்குகின்றனர்; மெலிந்த கம்பியைத் துறைமுகத்து உப்புக் காற்று விரைவில் அரித்துவிடுகின்றது. பற்றவைத்த பின்னர் நாகப்பூச்சில் தோய்த்தெடுத்த வலை நெடுநாள் நிற்கும். பூசிய கம்பியைப் பின்னர் பற்றவைத்தால், பற்றிய இடங்களிற் பூச்சு எரிந்து அங்கிருந்தே துரு தொடங்கும். நீடித்து நிற்கும் வலை விலை கூடியது. குறைந்த விலைக்கு வாங்குபவர் சில ஆண்டுகளில் மீண்டும் வாங்க வேண்டியவராகின்றார். இல்லாதவன் இருப்பவனைவிடக் கூடுதலாகச் செலவிடும் விந்தை, கோழிக்கூட்டிலும் தவறாமல் நிகழ்கின்றது.

எனவே “சரியான வலையைத் தெரிவு செய்யுங்கள்” என்ற அறிவுரை மட்டும் போதாது. தெரிவு செய்வதற்குக் கையிற் காசு வேண்டும். கையில் எதுவுமில்லாதவரிடம் தெரிவைப் பற்றிப் போதிப்பது அறமாகாது. இங்கே அறிவும் கூட்டு முயற்சியும் இணைய வேண்டும். வளவு முழுவதையும் கால் அங்குல வலையால் மூடுவது வேண்டாத செலவு. கோழி உறங்கும் கூட்டை மாத்திரம் நான்கடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரமாகக் கால்களின்மேல் உயர்த்திக் கட்டி, அடியிற் பலகையிட்டால், மூட வேண்டியது 54 சதுர அடியே. பகலில் திரியும் இடத்துக்குச் சாதாரண வலை போதும். அதாவது, எந்த நேரத்தில் உயிர் மிகவும் ஆதரவற்றிருக்கின்றதோ, அந்த நேரத்துக்கு நம்மிடமுள்ள மிகச் சிறந்ததை ஒதுக்க வேண்டும். ஒரு முழுச் சுருள் ஒரு குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. ஒரு தெருவார் கூடி வாங்கிப் பகிர்ந்தால் அது தாங்கக்கூடியதாகும். 1957இல் பிலிப் குணவர்தன அமைச்சராயிருந்தபோது இலங்கையிற் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோற்றுவிக்கப்பட்டன. கிராமத்தவர் கூடித் தம் தேவையைத் தாமே நிறைவேற்ற வேண்டுமென்ற அவ்வெண்ணம், ஒரு சுருள் கம்பி வலையிலும் உயிர்பெறக் கூடும்.

திருகோணமலை வேலிகளை நன்கறிந்த ஊர். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் கொண்டனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படைத் தளமும், சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் எழுந்தன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அவ்வேலிகள் எவையும் வானத்தைத் தடுக்கவில்லை. 1957இல் ஆங்கிலேயக் கடற்படை வெளியேறியது, வேலிகள் வெளியேறவில்லை. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். 2007இல் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களிலே தகரக் கொட்டில்களில் அம்மக்கள் ஆண்டுகளைக் கழித்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ‘பாதுகாப்பு’ என்ற சொல் யாருடைய பாதுகாப்பைக் குறித்தது என்று அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

மனிதரைக் கோழிகளுக்கு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. அவ்வொப்புமையை மறுப்பதே நோக்கம். கோழியிடம் நாம் கேட்க முடியாது. ஆகவே அதற்கு எது வேண்டுமென்பதை நாமே ஊகித்து, அதன் உறக்கத்தை அளந்து வேலியிடுகின்றோம். மனிதரிடம் கேட்கலாம். கேட்காமல் இடப்படும் வேலி, உள்ளேயிருப்பவரைக் காப்பதற்காயினும் சரி, வெளியே நிறுத்தப்பட்டவரின் நன்மைக்காயினும் சரி, இடுபவரின் வசதியை அளந்தே இடப்படுகின்றது; ஓரங்குலக் கண்ணைப்போல. எந்த வேலியையும் இந்த இரண்டு வினாக்களால் உரைத்துப் பார்க்கலாம்: இதன் அளவை எடுத்தது யாருடைய உடலிலிருந்து? இது தவறினால் இழப்பது யார்?

இவ்வுரைகல்லைக் கோழிக்கூட்டுக்கு அடுத்துள்ள வீட்டுக்குக் கொண்டு செல்வோம். மீளக் குடியேறியோருக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகளும் கூடும் வழங்கப்படுவது வடக்கு கிழக்கில் வழக்கமான காட்சி. ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்த வளவிற் பற்றை மண்டியிருக்கும். பற்றையிற் பாம்பு குடியிருக்கும். கூட்டுக்கு வலை உண்டு. வீட்டுக்கு? நிலை மட்டும் வைத்துக் கதவு வைக்காத அறை, சாந்து பூசாத சுவரின் வெடிப்பு, நிலத்தில் விரித்த பாய். எட்டடி விரியன் என்றும் சிலர் கூறும் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. நிலத்தில் உறங்குவோரையே அது பெரும்பாலும் கடிக்கின்றது. அதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாதலால், கடியுண்டவர் அதனை அறியாமலே உறங்கி, மூச்சுத் தசைகள் செயலிழந்து இறப்பதுமுண்டு.

2012-13ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக் கடிக்குள்ளாகின்றனர் என்றும், 30,000 பேருக்கு விஷம் ஏறுகின்றதென்றும், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் மதிப்பிட்டது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் பாம்புக்கடி விஷத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முதன்மை வரிசையிற் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நோயைப் புறக்கணித்தவர்கள், உண்மையில், அந்நோய் தீண்டும் மனிதரைப் புறக்கணித்தனர். கட்டிலில் உறங்குபவரைவிடப் பாயில் உறங்குபவரையும், சப்பாத்து அணிந்தவரைவிட வெறுங்காலுடன் வயலில் இறங்குபவரையும் பாம்பு அதிகம் தீண்டுகின்றது. பாம்புக்கு வர்க்கம் தெரியாது. ஆயினும் அதன் பல் எங்கே பதியும் என்பதைச் சமுதாயம் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்திருக்கின்றது.

இங்கும் ஒரு வலை உண்டு. நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வு, நுளம்பு வலைக்குள் உறங்குவோர் பாம்புக் கடியிலிருந்தும் பெரிதும் காக்கப்படுவதைக் காட்டியது. பாயின் அடியில் நன்றாகச் செருகிய ஒரு சாதாரண நுளம்பு வலை! அதன் கண் கால் அங்குலத்தைவிட எத்தனையோ மடங்கு சிறியது. உள்ளே இருப்பவர் தாமே அதனைத் தூக்கி வெளியே வரலாம். அடைக்காமற் காக்கும் வலை அது. கூட்டுக்கு வலை கொடுத்த கை, பாய்க்கு வலையையும், அறைக்குக் கதவையும், படுப்பதற்குக் கட்டிலையும் கொடுக்கவில்லையாயின், அந்த உதவியின் கணக்கில் முட்டையிடும் பிராணி இடம்பெற்றது. முட்டையை விற்கும் மனுஷி இடம்பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கோழிக்கு நல்ல வலை வேண்டாமென்று நாம் கூறவில்லை. கோழியின் இரவுக்குப் பொறுப்பேற்கக் கற்ற கையே மனிதரின் இரவுக்கும் பொறுப்பேற்கும். ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தம் பாடசாலைத் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். கண்ணளவை அளக்கட்டும், கம்பியின் கணக்கைப் போடட்டும், நாகத்தையும் சாரையையும் வேறுபடுத்தி அறியட்டும், கூடியே ஒரு சுருள் வாங்கட்டும். அதன்பின் அயலிலுள்ள வீடுகளில் எத்தனை பேர் வலையின்றி நிலத்தில் உறங்குகின்றனர் என்று எண்ணி எழுதட்டும். அந்த எண்ணைப் பிரதேச செயலகத்துக்கு எடுத்துச் சென்று, பதில் வரும்வரை கேட்கட்டும்.